மூச்சு விடும் விளக்கு

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் புதுப்பேட்டையில் அந்தச் சிறு பட்டறைக்கு வேலை கூடிவிடும். சுற்றிலும் பழைய கார் உதிரிபாகக் கடைகள். இங்கே மட்டும் ஹெட்லைட்டைத் திறந்து ஈரமெடுத்து மறுபடி ஒட்டித் தருகிறார்கள்.

நான் போனபோது வாசலில் ஒரு வெள்ளைக் கார். இடது விளக்கின் உள்பக்கம் மங்கியிருந்தது. மேஸ்திரி குனிந்து அதன் கீழ்மூலையைப் பார்த்தார். தண்ணீர் தேங்கவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் பாருங்க சார். தானா போச்சுன்னா எனக்கு இதுல வேலை இல்ல" என்றார். மங்கல் நடுவிலிருந்து விலகி, ஓரத்துக்கு ஒதுங்கி, மறைந்தது. காசு வாங்காமல் வண்டிக்காரரை அனுப்பிவைத்தார்.

ஹெட்லைட் காற்றுப் புகாத டப்பா அல்ல. எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து வெளியே போகிறது. அணைத்ததும் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கிறது. இந்தப் போக்குவரத்துக்காகவே பின்புறம் துளைகள் உண்டு. வளைந்த ரப்பர்க் குழாயோ, காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வோ அவற்றைக் காக்கும். மழைநாளில் இழுத்த காற்றின் ஈரம் குளிர்ந்த முகப்பில் படிவது இயல்பு. இது தெரியாமல் அந்தத் துளையையே சிலிகான் வைத்து அடைத்துவிட்டு வருகிறவர்கள் மீதுதான் மேஸ்திரிக்குக் கோபம். அடைத்த விளக்கு ஒட்டின் பலவீனமான இடத்தில் இழுக்கத் தொடங்கும். உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது. அடியில் டிரில் போட்டுத் தண்ணீரை வடிப்பவர்களும் உண்டு. பிறகு அந்த ஓட்டை வழியே தூசியும் ஏறும்.

எல்.இ.டி. வந்தபின் இந்தத் தொல்லை கூடியிருக்கிறது. 60/55 வாட் எச்4 ஹாலோஜன் பல்பின் சூடு முன்னால் வீசி முகப்பை உலர்த்திவிடும். எல்.இ.டி.யின் சூடோ பின்னால் இருக்கும் உலோகத் துண்டுக்குப் போகிறது. முகப்பு குளிர்ந்தே இருப்பதால் மங்கலும் நெடுநேரம் நிற்கும். விசிறி வைத்த பல்பை வாங்கி மாட்டும்போது இடம் போதாமல் பின்மூடியைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அன்று மேசைமேல் இருந்த விளக்குக்கு நேர்ந்ததும் அதுதான். உள்ளே அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர், கனெக்டரில் பச்சைக் களிம்பு.

பல்பு, திருகு, கிளிப் எல்லாவற்றையும் எடுத்த பிறகு விளக்கு மின்அடுப்புக்குள் போனது. சூடு 90 டிகிரி. முகப்பு பாலிகார்பனேட், 140 டிகிரியைத் தாண்டினால் அது இளகத் தொடங்கிவிடும். அதற்கு வெகுமுன்பே பியூட்டைல் பசை இளக வேண்டும். வெளியே எடுத்ததும் அவசரம்தான். உதவிக்கு நின்ற பையன் பின்புறத்தைப் பிடிக்க, மேஸ்திரி ஒரு மூலையில் தகட்டை விட்டு நெம்பினார். பசை பலாப்பால் இழைபோல் கறுப்பாக நீண்டது. "ண்ணா, இந்தப் பக்கம் விடல." "இழுக்காத. ஹீட் கன்ன காட்டு." கிழிக்காமல் பிரிப்பதற்குக் கை அந்த இளக்கத்தை அறிந்திருக்க வேண்டும். நான் பார்த்தவரை வெப்பமானியைவிட விரலையே அவர் நம்பினார்.

திறந்ததும் பையன் துணியை நீட்டினான். மேஸ்திரி தடுத்தார். ரிஃப்ளெக்டரின் பளபளப்பு வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியம். கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. துடைத்தால் துணியோடு வந்துவிடும், வெளிச்சம் சிதறிவிடும். அதனால் ஊதி உலர்த்துவதோடு சரி. புளிப்பு நெடி அடிக்கும் சிலிகானையும் அவர் பட்டறைக்குள் விடுவதில்லை. அது இறுகும்போது கிளம்பும் அமில ஆவி இந்தப் பூச்சைக் கெடுத்துவிடும்.

பள்ளத்தில் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதிய பியூட்டைல் கயிறு பதித்து, மறுபடி சூடேற்றி அழுத்தினார்கள். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளே மெல்லக் காற்றடித்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் குமிழி வந்தது. இன்னொரு முறை அடுப்பு. முகம் சுளிக்காமல் செய்தார்கள். இந்தப் பொறுமைக்குத்தான் கூலி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வண்டிக்காரர்கள் பேரம் பேசுவது பசையின் விலையை வைத்து. கையுறை கிழிந்திருந்தது, முகக்கவசம் யாரிடமும் இல்லை. அந்தச் சூட்டு நெடியில் நாள்முழுதும் நிற்கும் பையனுக்கு வாசலில் ஒரு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேனாவது வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய கார்களின் விளக்குகள் சேறோடு இங்கே குவிந்தனவாம். இப்போது வேறு கவலை. பல புதிய விளக்குகளைப் பாலியூரித்தேன் பசையால் ஒட்டுகிறார்கள். எவ்வளவு சூடு காட்டினாலும் அது இளகாது, விளிம்பை அறுத்துத்தான் திறக்க வேண்டும். அப்படி ஒன்று வந்தால், முகப்பு உடையலாம் என்று முதலிலேயே சொல்லி, வண்டிக்காரர் சம்மதித்த பிறகே மேஸ்திரி கத்தியை எடுக்கிறார்.