ரெண்டு பேர் ஆடலாமா?

சென்னையில பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி நல்லா தூங்குங்க. விடிஞ்சா சங்கரன்கோவில். ஆடித்தபசு சமயம்னா வழி கேட்க வேண்டாம், கூட்டமே உங்களைக் கோயில் வாசல்ல கொண்டுபோய் விட்டுடும். அண்ணாந்து பார்த்தா ஒன்பது நிலை ராஜகோபுரம். 'ஆடிச்சுற்று' சுத்துறவங்க ஒரு பக்கம், புற்றுமண் வாங்குறவங்க இன்னொரு பக்கம்னு ஊரே ஜேஜேன்னு இருக்கும்.

கதை தெரியும்ல? சங்கன், பதுமன்னு ரெண்டு நாக அரசர்கள். ஒருத்தருக்கு சிவன்தான் பெருசு, இன்னொருத்தருக்குப் பெருமாள்தான் பெருசு. பஞ்சாயத்து அம்பாள்கிட்ட போச்சு. ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு காட்டச் சொல்லி கோமதி அம்மன் தபசு இருக்க, பாதி சிவன் பாதி திருமாலா சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார். பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸானு ஹாஸ்டல்ல அடிச்சுக்கிறீங்களே பாஸ்... அந்தச் சண்டைக்கெல்லாம் இது கொள்ளுத் தாத்தா!

சாமி கும்பிட்டாச்சா? அப்படியே திருவிழாக் கடைகள் பக்கம் வாங்க. வளையல், பஞ்சு மிட்டாய், டெல்லி அப்பளம், ராட்டினம். நடுவுல பிளாஸ்டிக் சாமான் கடையில தொங்குது பாருங்க, உள்ளங்கையில அடங்குற வீடியோ கேம். டப்பா மேல '400 இன் 1'. கூடவே ஒரு குட்டி கன்ட்ரோலர், டி.வி.யில சொருக ஒரு வயர். போன தபசுக்கு அது முன்னாலதான் நானும் எங்க அக்காவும் அரை மணி நேரம் நின்னோம்.

அக்கா இதே ஊர்ல பவர்லூம் தறி ஓட்டுறா. மகனுக்கு ஒன்பது வயசு. ஸ்கூல் விட்டு வந்ததும் அவ போனை வாங்கிட்டு மூலையில உட்கார்ந்தான்னா, சோறு ஆறிப்போனாலும் நிமிர மாட்டான். சீட்டு எடுத்த பணம் 5,000 ரூபாய் கையில வெச்சிருந்தா.

"பிளேஸ்டேஷன் வேணும்னு நிக்கான். நீ படிச்சவன்தானல, எது நல்லதுன்னு சொல்லு. அவன் என்ன ஆடுதான்னே எனக்குத் தெரிய மாட்டேங்கு."

அந்தக் கடைசி வரி குத்துச்சு.

பிளேஸ்டேஷன் 5 நம்ம நாட்டுக்கு 2021 பிப்ரவரியில வந்தப்பவே விலை 49,990 ரூபாய். அதுக்கு வந்த பெரிய கேம் ஒண்ணே 4,999. ஆக, அக்கா பணத்துக்கு கேம் வரும், மிஷின் வராது!

சரி, காசு இருக்கிற வீட்ல மட்டும் ஒழுங்கா வாங்குறாங்களா? அட்டைப்பெட்டி மூலையில இருக்கிற சின்னக் கட்டத்தை யாரும் பார்க்கிறதே இல்ல. 'மார்ட்டல் காம்பாட்' ரத்தக்களறியைப் பார்த்து அமெரிக்க செனட்ல 1993ல விசாரணையே நடந்தது. அதுக்கப்புறம் 1994ல வந்ததுதான் இ.எஸ்.ஆர்.பி. சான்று. 'இ' போட்டிருந்தா எல்லாரும் ஆடலாம், 'டி' 13 வயசுக்கு மேல, 'எம்' 17க்கு மேல. 2003ல ஐரோப்பாவுல வந்த 'பெகி' இன்னும் சுலபம்: 3, 7, 12, 16, 18. அந்த நம்பர் வயசைச் சொல்லுது, ஆட எவ்வளவு கஷ்டம்னு இல்ல. பிரவுசிங் சென்டர்ல நண்டு சிண்டெல்லாம் வரிசையில நின்னு ஆடுச்சே, 2002ல வந்த 'ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி'... அதுக்குக் கொடுத்தது 'எம்'. வீட்ல என்னமோ கார் ஓட்டுற கேம்னு நினைச்சாங்க!

நம்பர் மட்டும் பத்தாது. 'ஃபிஃபா 23'க்கு பெகி போட்டது 3. ஆனா உள்ளே போனா, யார் வருவாங்கன்னே தெரியாத பிளேயர் பாக்கெட்டை நிஜக் காசுக்கு விப்பாங்க. 'உள்ளே பணம் கேட்கும்'னு ஒரு வரி 2018லேர்ந்து பெட்டி மேல வருது. அதையும் படிங்க.

மூணாவது சோதனை நம்ம சொந்தச் சரக்கு: ஒரே டி.வி.யில ரெண்டு பேர் ஆடலாமா? 'லெகோ' கேம்ஸ் பாருங்க. அம்மா நடுவுல வந்து சேரலாம், அடுப்புல பால் பொங்கினா பாதியில எழுந்தும் போகலாம், பையன் ஆட்டம் நிக்காது. 2016ல வந்த 'ஓவர்குக்ட்' நாலு பேர் சேர்ந்து சமைக்கிற கேம். வீட்ல ஒரு தட்டு கழுவாதவனும் இதுல கழுவியே ஆகணும்! 2021ல வந்த 'இட் டேக்ஸ் டூ'வை ஒத்தை ஆளா ஆடவே முடியாது. ஆனா பெகி 12, அக்கா மகன் இன்னும் மூணு வருஷம் பொறுக்கணும்.

எங்க கதைக்கு வருவோம். பேரம் பேசி 450 ரூபாய்க்கு அந்த '400 இன் 1' வாங்கினோம். டூப்ளிகேட் அயிட்டம்தான், மறைக்கல. ஒரே கேம் பல பேர்ல வரும், கேரண்டி கடைவாசல் வரைக்கும்தான். ஆனா உள்ளே இருக்கிறது 1983ல ஜப்பான்ல நின்டெண்டோ விட்ட 'ஃபேமிகாம்' காலத்துச் சரக்கு. தொண்ணூறுகள்ல நாங்க கேசட் சொருகி ஆடினதும் அதேதான்! நெட் வேண்டாம், காசு கேட்காது, முக்கியமா ரெண்டாவது கன்ட்ரோலர் இருக்கு.

வரும்போது பிரியாணி பார்சல் மூணு. (சங்கரன்கோவில் வந்துட்டு பிரியாணி சாப்பிடாமப் போனா சாமி குத்தம்!) மிச்சப் பணம் திரும்ப அக்கா பர்ஸுக்கே போயிடுச்சு.

ராத்திரி டி.வி.யில 'பேட்டில் சிட்டி' போட்டோம். 1985 டேங்க் கேம். ரெண்டு பேரும் சேர்ந்து கீழே இருக்கிற கழுகைக் காப்பாத்தணும். அக்கா கன்ட்ரோலரைத் தலைகீழாப் பிடிச்சா. முதல்ல மகனைச் சுட்டா, அவன் டேங்க் அப்படியே உறைஞ்சு நின்னுச்சு. அடுத்து செங்கலை உடைச்சு நேரா நம்ம கழுகையே சுட்டுட்டா. கேம் ஓவர்!

"எம்மா, அது நம்ம கழுகும்மா!"

பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். "இன்னொரு தடவை போடுல"ன்னு அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தா.

ஒரே ராத்திரியில எல்லாம் மாறிடுச்சுன்னு ரீல் விட மாட்டேன். மறுநாள் போன் அவன் கைக்குத் திரும்பிடுச்சு. ஆனா இப்ப அக்கா பக்கத்துல போய் உட்கார்ந்து, "இதுல ரெண்டு பேர் ஆடலாமால?"ன்னு கேக்குறாளாம். ஆட முடியாதுன்னா, அது என்ன கேம்னு அவன் விளக்கிச் சொல்றானாம்.

அடுத்த ஆடித்தபசுக்கு நீங்களும் வாங்க. கடைக்காரர்கிட்ட விலை கேக்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "அண்ணாச்சி, ரெண்டு பேர் ஆடலாமா?"