பேஸ் கித்தார் வாங்கிய படலம்

சென்ற புரட்டாசித் திங்களில் நம் இல்லத்தில் ஒரு வழக்கு எழுந்தது. வாதி, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் நம் மகன். பிரதிவாதி நாம். நீதிபதி நம் துணைவியார். வழக்குப் பொருளோ, நான்கு தந்திகள் பூட்டிய ஒரு மின் வாத்தியம். பேஸ் கித்தார் என்பது அதன் பெயர்.

இசை பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. நாம் மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வேயில் கீழ்ப் பதவியில் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதி எழுத்தரானவர். குடியிருப்பது மாதாப்பூரில், துணைவியார் அங்கே ஒரு பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறார். நாமோ நாள்தோறும் ஹைடெக் சிட்டி நிலையத்தில் எம்.எம்.டி.எஸ். வண்டி ஏறிச் செகந்திராபாத் சென்று மீள்பவர். கோப்புகளையும் படிவங்களையும் ஒப்புநோக்கும் பழக்கம் மட்டும் உண்டு. அந்தப் பழக்கத்தை ஒரு வாத்தியத்தின் மேல் செலுத்தியதால் விளைந்த அனுபவத்தையே ஈண்டு எழுதுகிறோம். பிள்ளைகளுக்கு இத்தகைய கருவி வாங்க எண்ணும் குடும்பத்தார்க்கு இது பயன்படக்கூடும்.

முதலில் நம் பிழையைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு பொங்கல் விழாவில், இளைஞர் சிலர் பழைய திரைப்பாடல்களை இசைக்கக் கேட்ட நம் மகன், பாடகரைப் பாராமல் ஓர் ஓரமாக நின்று தடித்த தந்திகளை மீட்டிக்கொண்டிருந்தவரையே பார்த்திருந்தான். பின்னர் நம்மிடம் கேட்டான். ஊரை விட்டுச் செல்லும் ஒருவரிடமிருந்து 9,000 ரூபாய்க்குப் பழைய கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். பளபளப்பைக் கண்டோமேயன்றி வேறெதையும் சோதிக்கவில்லை. பையன் நான்கு திங்கள் முயன்றான். விரல் நுனி கன்றிச் சிவந்தது, சுருதி சேரவில்லை, பின்பு அதனை மூலையில் சாத்திவிட்டான். "எடுத்த காரியத்தை முடிக்கும் ஊக்கம் உனக்கில்லை" என்று நாம் கடிந்துரைத்தோம். அவன் மறுமொழி கூறவில்லை. அன்று தொட்டு வீட்டில் அவன் பேச்சும் குறைந்தது.

பின்னொரு நாள் அக்கருவியை விற்றுவிடலாம் என்று பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் அதனைக் கண்ணுக்கு நேரே பிடித்து நோக்கியவுடனே தலையை அசைத்தார். கழுத்து முறுக்கிக் கொண்டிருக்கிறது. தந்திகள் மெட்டுகளுக்கு மேல் அளவுக்கு மீறி உயர்ந்து நிற்கின்றன. தேர்ந்த கலைஞனும் இதில் வாசிக்க இயலாது என்றார். குறை கருவியில் இருந்தது. பழியைப் பிள்ளையின் மேல் சுமத்தியிருந்தோம். ஆதலின், புரட்டாசியில் அவன் மீண்டும் வாய் திறந்து கேட்டபோது, மறுக்க நமக்கு வாயில்லை. ஆயினும் பணம் என்றொன்று உண்டே!

இரயில்வே ஊழியர்க்குத் தசராவுக்கு முன் ஊக்க ஊதியம் வழங்கப்படுவதை அன்பர்கள் அறிவர். அண்மை ஆண்டுகளில் அது 78 நாள் ஊதியம். ஆனால், திங்களுக்கு 7,000 ரூபாய் என்ற உச்சவரம்பைக் கொண்டே கணக்கிடுவதால், எவருக்கும் 17,951 ரூபாய்க்கு மேல் கிட்டாது. வழக்கமாக அத்தொகை தீபாவளிக்கு ஊர் சென்று வரும் செலவுக்கும் புத்தாடைக்கும் ஆகும். இம்முறை நாம் ஊர் செல்வதில்லை, தந்தையாரை இங்கே வரவழைப்பது என்று தீர்ப்பளித்த துணைவியார், தம் சீட்டுப் பணத்தில் 14,000 ரூபாயும் சேர்த்தார். ஆக 31,951 ரூபாய். அதற்கு மேல் ஒரு காசும் கடன் வாங்கலாகாது என்பது தீர்ப்பின் இரண்டாம் பகுதி.

இனி, இக்கருவியைப் பற்றிச் சிறிது கூறுவோம். முன்னாளில் மேல்நாட்டு இசைக்குழுக்களில் தாழ்ந்த சுருதியை ஒலித்தது, ஆளுயரம் நிற்கும் டபுள் பேஸ் என்னும் பெரிய வாத்தியம். அதைத் தூக்கிச் செல்வதும் அரிது. முழக்கத்திடையே அதன் ஒலி கேட்பதும் அரிது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பார் 1951இல் பிரிசிஷன் பேஸ் என்ற மின் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். கித்தாரைப் போலத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். மெட்டுகள் பதித்திருப்பதால் சுருதி தவறாது. 1960இல் அவரது நிறுவனமே, கழுத்து மெலிந்த ஜாஸ் பேஸ் என்பதையும் வெளியிட்டது. இன்று கடைகளில் தொங்கும் கருவிகளுள் பெரும்பாலானவை இவ்விரண்டின் வழித்தோன்றல்களே. நம் தமிழ்த் திரையிசையில், 1976இல் "அன்னக்கிளி" வாயிலாக அறிமுகமான இளையராஜாவின் பாடல்களைக் கூர்ந்து கேட்டால், குரலுக்கு அடியில் பேஸ் கித்தார் தனக்கென ஒரு மெட்டுக் கட்டிக்கொண்டு நடப்பதைக் காணலாம். அவ்வளவு நாளும் நம் காதில் விழுந்தும் நாம் கவனியாதிருந்தது அது.

நம் தொகைக்கு எட்டியவை மூன்று: ஃபெண்டர் நிறுவனத்தின் மலிவு வரிசையாகிய ஸ்குவயரின் அஃபினிட்டி பிரிசிஷன் பி.ஜே.; யமஹாவின் டி.ஆர்.பி.எக்ஸ். 174, ஐபனெஸின் ஜி.எஸ்.ஆர். 200. நாம் விசாரித்த நாட்களில் மூன்றும் ஏறத்தாழ 20,000 ரூபாய்க்கும் 30,000 ரூபாய்க்கும் இடையே இருந்தன. அலுவலக வழக்கப்படி ஒரு தாளில் கோடு கிழித்து மூன்று பத்திகளாக எழுதினோம். எழுதியபின் வியப்புற்றோம், மூன்றும் உடன்பிறந்தார் போன்றவை! தந்தி அதிரும் நீளம் மூன்றிலும் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் பிக்கப் என்னும் காந்தச் சுருள்களும் மூன்றிலும் ஒரே அமைப்பு: நடுவில் பிரிசிஷன் வகை ஒன்று, குதிரைக்கு அருகில் ஜாஸ் வகை ஒன்று.

வேறுபாடுகள் இவை: ஸ்குவயரில் மெட்டுகள் 20, ஐபனெஸில் 22, யமஹாவில் 24. நம் சரஸ்வதி வீணையிலும் மெட்டுகள் 24 என்பதால் துணைவியார் யமஹாவின் பக்கம் சாய்ந்தார். ஆனால், தொடக்க மாணவனின் கை மேல் மெட்டுகளுக்குப் போவது அரிது. ஆதலின் இதைக் கொண்டு முடிவு செய்வது தகாது. மற்றொன்று, ஐபனெஸில் தாழ்ந்த ஒலியைப் பெருக்கித் தரும் ஒரு சிறு மின்சுற்று உண்டு. அதற்கு மின்கலம் வேண்டும். ஏனை இரண்டிற்கும் மின்கலம் வேண்டா. மின்கலம் உள்ள கருவிகளில் கம்பியைச் செருகியதுமே மின்கலம் செலவாகத் தொடங்கும் என்பதால், வாசித்து முடித்ததும் கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். விளக்கை அணைக்க மறக்கும் பிள்ளை உள்ள வீட்டில் இதனையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

நாம் செய்த மற்றொரு பேதைமையையும் கூறிவிடுகிறோம். ஒரு கிழமை முழுதும் இரவு உணவுக்குப் பின் கைப்பேசியில் இம்மூன்றையும் பிறர் வாசிக்கும் காட்சிகளைக் கண்டு, எது இனிமை என்று வாதிட்டோம். பேஸ் கித்தாரின் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்வது. ஏனைய மூன்றும் 55, 73, 98 முறை. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி இவ்வளவு தாழ்ந்த அதிர்வைச் சரிவர எழுப்பமாட்டாது. அதில் நாம் கேட்பது பெரும்பாலும் மேலெழும் கிளையொலிகளையே. அடித்தளத்தைக் காணாமல் மாடியைக் கண்டு வீட்டுக்கு விலை பேசியது போலாயிற்று நம் வாதம்! கருவியைக் கையில் ஏந்திப் பார்ப்பதே வழி என்று தெளிந்தோம்.

இதற்கிடையில் தந்தையார் ஜோலார்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் இரயில் பாதையில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பிணைக்கும் சாவிகளைத் தட்டித் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே எது இறுகியது, எது தளர்ந்தது என அறிந்தவர். இப்போது செவி மந்தம். பேரனோ தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து விரைந்து பேசுபவன். இருவரும் ஒரே கட்டிலில் அமர்ந்திருந்தும் பேச்சின்றி இருப்பதைக் கண்டு நாம் வருந்தியதுண்டு.

ஒரு ஞாயிறன்று நால்வருமாகக் கடைக்குச் சென்றோம். பழுது பார்ப்பவர் கற்பித்தபடி முதலில் கழுத்தைச் சோதித்தோம். தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் நெடுக நோக்கின், முறுக்கல் இருந்தால் தெரிந்துவிடும். தந்தையார் இதனைக் கண்டதும், "இது நம்ம தண்டவாளம் பார்க்கிற பார்வைடா" என்று மகிழ்ந்து தாமும் குனிந்து பார்த்தார். அடுத்து, தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தால் நடுவில் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். மிகுந்தாலும் அறவே இல்லாவிடினும், கழுத்தினுள் ஓடும் இரும்புத் தண்டைத் திருகிச் சரி செய்யலாம். ஐதராபாத்தின் உலர்ந்த கோடையில் மரம் சுருங்கும், மழையில் விரியும். ஆதலால் ஆண்டுக்கு ஓரிரு முறை இது தேவைப்படும். முறுக்கலுக்கோ எளிய மருந்து இல்லை. பின்னர், ஒவ்வொரு தந்தியையும் 12ஆம் மெட்டில் அழுத்தி வாசித்து, அதே இடத்தில் விரலை மெல்லத் தொட்டெழுப்பும் நாதத்தோடு ஒத்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒவ்வாவிடில் குதிரையை நகர்த்தித் திருத்த வேண்டும். ஒவ்வொரு மெட்டையும் அழுத்தி இரைச்சல் எழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இறுதியாக, வாரை மாட்டிக் கால் மணி நேரம் நிற்க வேண்டும். நாலு கிலோவை ஒட்டிய எடையைப் பிள்ளையின் தோள் தாங்குமா, தலைப்பக்கம் கீழே சரிகிறதா என்பது உட்கார்ந்து வாசித்தால் தெரியாது. விரல் எட்டாத சிறு பிள்ளைகளுக்கு 30 அங்குல நீளமுள்ள குட்டை வகையும் உண்டு. நம் மகனுக்கு 34 அங்குலம் எட்டியது.

மூன்றும் சோதனையில் தேறின. எதைக் கொள்வது? பையன் ஒரு யோசனை கூறினான். தாத்தாவைச் சுவர்ப்பக்கம் திரும்பி அமரச் செய்து, மூன்றையும் ஒரே பெருக்கியில், ஒரே அளவு ஒலியில், ஒரே வரியை வாசிப்பதாகச் சொன்னான். செவி மந்தமானவரிடம் தீர்ப்புக் கேட்பதா என்று நாம் நகைத்தோம். ஆனால், முதுமையில் முதலில் குறைவது கீச்சென்ற மேலொலிகளைக் கேட்கும் திறனே. தாழ்ந்த ஒலி பெரும்பாலும் நெடுநாள் நிற்கும். இதனை அன்று கண்கூடாகக் கண்டோம். முதல் தந்தி அதிர்ந்ததுமே தந்தையார் நிமிர்ந்து அமர்ந்தார். மூன்றையும் கேட்டபின், "ரெண்டாவதுதான். சாவி இறுகின தண்டவாளம் மாதிரி நிக்குது" என்றார். பையனும், தன் கைக்கு உகந்ததும் அதுவே என்றான். அது யமஹா. மற்ற இரண்டும் தாழ்ந்தவை என்று எவரும் கொள்ளவேண்டா. அன்று அந்தக் கடையில், அந்தக் கைக்கும் அந்தச் செவிக்கும் உகந்தது அதுவாயிற்று. வேறொரு கைக்கு வேறொன்று உகக்கலாம்.

வாங்குவோர் மறவாதிருக்க ஒன்று கூறுகிறோம். கருவியின் விலை முழு விலையன்று. பேஸுக்கென்றே அமைந்த சிறு ஒலிபெருக்கி, கம்பி, வார், உறை, சுருதி காட்டும் பொறி என ஏனைய செலவு மட்டும் நமக்குப் பத்தாயிரத்தை நெருங்கியது. சாதாரணக் கித்தாரின் ஒலிபெருக்கியில் இதனை உரத்து வாசித்தால் அதன் ஒலிபெருக்கிக் கூம்பு கெடக்கூடும். எல்லாம் போகக் கையில் நூறு ரூபாய்க்குச் சற்று மேல் மிஞ்சியது; அதற்குத் தேநீர் அருந்தினோம். வீடு வந்ததும் பையனிடம், சென்ற ஆண்டு கடிந்துரைத்தது நம் தவறு என்று சொன்னோம். "பரவாயில்லை அப்பா" என்றான்.

தீபாவளி முடியும் வரை மாலைதோறும் தந்தையார் ஒலிபெருக்கியின் மரப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து அமர்ந்திருப்பார். பையன் ஒரு வரி வாசித்து, "தாத்தா, இது எந்தப் படம்?" என்பான். அவர், "அன்னக்கிளி"யைக் கொட்டகையில் மண் குவித்து அமர்ந்து கண்ட கதையைச் சொல்வார். விளங்காத தமிழ்ச் சொற்களுக்கு அவன் பொருள் கேட்பான். இவ்வளவு நீண்ட உரையாடலை அவர்களிடையே நாம் முன்பு கண்டதில்லை.

ஊர் திரும்பியபின் சென்ற கிழமை அவர் தொலைபேசியில் பேசினார். பேரனை வாசிக்கச் சொன்னார். அவன் கைப்பேசியைப் பெருக்கியின் அருகில் வைத்து ஒரு பாடல் முழுதும் வாசித்தான். மறுமுனையில் சற்று நேரம் அமைதி. "ஒண்ணும் கேக்கலைடா" என்றார் தந்தையார். கைப்பேசியில் அது கேளாது என்று நாம் விளக்க முற்பட்டோம். அவரோ நமக்குச் செவி கொடாமல் பேரனிடமே பேசினார்: "பொங்கலுக்கு வரேன், அப்ப வாசி."