கோவைக்கு ஒரு கோல்ஃப் பயணம்: சில குறிப்புகள்

முதலில் டீ டைம், அப்புறம்தான் ரயில். பெரும்பாலான கோஷ்டிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வெள்ளி இரவு சென்னையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டு, சனிக்கிழமை காலை ஆட இடம் உண்டா என்று கிளப்புக்குப் போன் போடுகிறார்கள். சனி, ஞாயிறு காலை வேளை உறுப்பினர்களுக்குரியது. அதில் எட்டு வெளியூர்க்காரர்களை நுழைக்கச் சொல்வது நியாயமும் இல்லை. திங்கட்கிழமை பல மைதானங்களில் பராமரிப்பு வேலை நடக்கும். வியாழன், வெள்ளிதான் தோது. கிளப் செயலாளருக்கு முறையாக ஒரு மின்னஞ்சல், உங்கள் கிளப்புடன் அவர்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அறிமுகக் கடிதம். இவை கையில் வந்த பிறகு டிக்கெட். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, அதனால் அவசரப்பட ஒன்றுமில்லை.

ஏன் கோவை? சென்னையில் கிண்டியும் நந்தனமும் ஊருக்கு நடுவே இருக்கும் மைதானங்கள். ஆடி முடித்ததும் அவரவர் வேலைக்கு ஓடிவிடுவார்கள், கூட்டாளிகள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட நேரம் இருக்காது. கோவை மைதானம் செட்டிபாளையத்தில், ஊருக்குத் தெற்கே, போத்தனூர் தாண்டி. 18 குழி, பார் 72. கரி மோட்டார் பந்தயத் தடமும் அதே செட்டிபாளையம்தான். இரவு ரயில் ஏறினால் விடியலில் கோவை. சாம்பார் இட்லிக்கு அன்னபூர்ணா, மதியத்துக்குக் கொங்குச் சாப்பாடு, குடிக்கச் சிறுவாணித் தண்ணீர். பெரிய நகரத்தின் வசதியெல்லாம் உண்டு, பெரிய நகரத்தின் அலைச்சல் இல்லை.

மாதம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கோவைக்காரர்களுக்குப் பழமொழி மட்டுமல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் கிழக்கே பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. உயரத் தூக்கி அடிக்கிற பழக்கம் உள்ளவருக்கு அந்த மாதங்கள் பெரும் சோதனை. தாழ அடிக்கத் தெரிந்தவருக்குக் கொண்டாட்டம். அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழை. புதியவர்கள் இருக்கும் கோஷ்டிக்கு ஜனவரி, பிப்ரவரிதான் என் தேர்வு. அப்போது விடிய ஆறே முக்கால் ஆகும். முதல் சில குழிகளில் கிரீன் மேல் பனி ஈரம் இருக்கும், பந்து மெதுவாக உருளும். ஒன்பது மணிக்கு மேல் அதே தட்டு தட்டினால் தாண்டிப் போய்விடும்.

எட்டுப் பேர் என்றால் இரண்டு நால்வர் அணி. பன்னிரண்டு என்றால் மூன்று. பத்து நிமிட இடைவெளியில் கிளப்பினால் கடைசி அணி இருபது நிமிடம் பின்னால் வரும். அதற்கு மேல் ஆள் சேர்க்க வேண்டாம். முதல் அணி குளித்து முடித்துப் பசியோடு காத்திருக்க, கடைசி அணி வெயிலில் வதங்கும்.

அணி பிரிக்கும்போது நன்றாக ஆடும் நால்வரை ஒன்றாகப் போடுவது பெரும் தவறு. கோஷ்டியில் மிகவும் பின்தங்கி ஆடுகிறவர் யாரோ, அவருக்காகவே திட்டம் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவர் சந்தோஷமாகத் திரும்பினால் பயணம் வெற்றி. எந்த டீயிலிருந்து ஆடுவது, எத்தனை நாள் ஆடுவது, எப்படி மதிப்பெண் போடுவது என எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

மதிப்பெண்ணுக்கு ஸ்டேபிள்ஃபோர்டு முறைதான் சரி. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் 1932இல் இங்கிலாந்தின் வாலஸி கிளப்பில் நடைமுறைப்படுத்தியது. அடிகளைக் கூட்டுவதில்லை, குழிக்குக் குழி புள்ளி. ஹேண்டிகேப் சலுகையைக் கழித்த பிறகு பார் அடித்தால் 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, ஒன்று குறைந்தால் 3. ஒரு கடினமான பார் 4 குழி, இண்டெக்ஸ் 3 என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டிகேப் 28 உள்ளவருக்கு அங்கே இரண்டு அடி சலுகை. ஆறு அடித்தாலும் கணக்குக்கு நான்கு, 2 புள்ளி. ஹேண்டிகேப் 8 உள்ளவருக்கு ஓர் அடிதான் சலுகை. அவர் ஐந்து அடித்தால் அவருக்கும் அதே 2 புள்ளி. இருவரும் சமமாக அடுத்த டீக்கு நடப்பார்கள். ஒரு குழியில் புள்ளிக்கு வழியே இல்லை என்றாகிவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நகரலாம். பங்கருக்குள் பத்து அடி அடித்து மனம் நொந்து நிற்க வேண்டியதில்லை, பின்னால் வரும் அணியும் காத்திருக்க வேண்டியதில்லை. தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் என்பது 2019 முதல் விதி. கூட்டாளி விளையாட்டிலும் அதைக் கண்டிப்பாகப் பின்பற்றலாம்.

பை. உறையோடு சேர்த்தால் 12 கிலோவுக்குக் குறையாது, விமானத்தில் அதுவே கணக்கை நிரப்பிவிடும். ரயில்தான் நிம்மதி.

உடை: காலர் வைத்த டீ ஷர்ட், இரும்பு முள் இல்லாத ஷூ. மாலை விருந்துக்கு வேட்டி கட்டலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாகக் கட்டலாம். வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு கிளப் உள்ளே விடவில்லை என்ற சர்ச்சைக்குப் பிறகு, 2014இல் தமிழகச் சட்டமன்றம் இதற்கென்றே சட்டம் இயற்றியது.

ஆடாமல் கூட வருபவர்கள்: பேரூர், மருதமலை, ஜி.டி. கார் அருங்காட்சியகம். அவர்களுக்குத் தனி வண்டி, தனி டிரைவர். காலை முழுக்க ஓட்டல் அறையில் உட்கார வைக்கக் கூடாது.

மூன்றாம் நாள் ஊட்டி வேண்டும் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். ஜிம்கானா மைதானம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளிச் சரிவுகளில் இருக்கிறது, பார்த்தாலே மனம் நிறையும். ஆனால் மலை ஏறிய அன்றே ஆட வேண்டாம். மூன்று மணி நேரப் பயணத்துக்கும் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பிறகு ஒருவருக்கும் கால் நிலைகொள்ளாது. இரவு தங்கி மறுநாள் காலை ஆடுங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம், அதை முன்பே எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, கோவை 400 மீட்டர் உயரம், ஊட்டி 2,200க்கு மேல். காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து தூரம் போகும். கோவையில் ஏழாம் நம்பர் அயர்னில் 140 கஜம் அடிப்பவர் அங்கே ஏறக்குறைய 150 அடிப்பார். ஒரு நம்பர் கூட்டி எடுக்கச் சொல்லி எல்லோருக்கும் முன்பே தெரிவித்துவிடுவது நல்லது.

பணம் ஒருவர் கையில். முன்பணம் ஜிபேயில், டீ டைம் உறுதியான அன்றே. கடைசி வாரத்தில் ஒருவர் நழுவினால் மீதிப்பேர் சுமக்கக் கூடாது.

கேடி. இதைத்தான் அதிகம் எழுத வேண்டும், இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. புதிய மைதானத்தில் உங்களுக்கு எதுவும் தெரியாது, அவருக்கு எல்லாம் தெரியும். கிரீனில் குந்தி உட்கார்ந்து, கொடிக்கம்பின் நுனியால் தரையைத் தொடாமல் ஓரிடத்தைக் காட்டுவார். “இங்கிட்டு ரெண்டு கப்பு வலதுங்க சார், எறக்கமுங்க, மெதுவாத் தட்டுங்க.” நம் கண்ணுக்கு அது மேடாகத் தெரியும். அவர் சொன்னபடி தட்டினால் பந்து வளைந்து குழிப்பக்கம் போகும். மைதானத்தின் சரிவை வருடக்கணக்காக நடந்து படித்த அறிவு அது. 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்து வளர்ந்தவர். 2016, 2017 இரண்டு ஆண்டும் அதே பட்டத்தை வென்ற சௌராசியா, கொல்கத்தாவில் மைதானப் புல்லைப் பராமரித்தவரின் மகன்.

எட்டுப் பேருக்கு எட்டுக் கேடி வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே கேடி மாஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும். கூலி எவ்வளவு என்று கிளப்பில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இனாம் எல்லோரும் ஒரே தொகையாகக் கொடுங்கள், ஒருவர் அள்ளிக் கொடுக்க இன்னொருவர் கிள்ளிக் கொடுத்தால் கேடிகளுக்குள் மனக்கசப்பு வரும். பணமாக, நோட்டாக, ஆட்டம் முடிந்த கையோடு. டீயும் டிபனும் அவர்களுக்கும் சேர்த்து. முதல் டீயில் பெயரைக் கேட்டுக்கொண்டு, பதினெட்டாம் குழி வரை பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்.

கோஷ்டி கூட்டிப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள்: செலவுக் கணக்கு எழுத உட்காரும்போது கேடி கூலியைக் கடைசியில் ‘இதர செலவு’ என்று தள்ளாதீர்கள். கிரீன் ஃபீக்கு அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.