ஓரக் குறிப்பும் உலாவியும்



கணினியில் நாம் ஒரு கட்டுரையை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, அதே பொருள் குறித்துப் பிறர் எழுதிய பதிவுகளைத் தேடி எடுத்துப் பக்கத்தின் ஓரத்தில் நிறுத்திக் காட்டும் சிறு மென்பொருள்கள் உண்டு. உலாவியோடு இணைத்துக்கொள்ளும் இவற்றை ‘நீட்சி’ என்று தமிழில் அழைக்கின்றனர். வேளாங்கண்ணியில் குடியிருந்து, அருகிலுள்ள ஊரின் மதரஸாவில் ஓதிக்கொடுத்து வரும் அடியேன், பாடத்திற்கு ஆயத்தம் செய்யும் வேளைகளில் சில காலமாக இத்தகைய நீட்சி ஒன்றைப் பயன்படுத்தி வருகின்றேன். அதனால் விளையும் நன்மை என்ன, அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம் எனக் கருதியே இதனை எழுதுகின்றேன்.

இவ்வகைக் கருவிகள் புதியவை அல்ல. 2001ஆம் ஆண்டு கனடாவில் தொடங்கப்பட்ட ‘ஸ்டம்பிள்அப்பான்’ என்னும் கருவி, ஒரு பொத்தானை அழுத்தினால் நம் விருப்பத்திற்கு ஏற்ற ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டியது. 2018இல் அது மூடப்பட்டது. தமிழில் 2004ஆம் ஆண்டு காசி ஆறுமுகம் அவர்கள் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்த தமிழ்ப் பதிவுகளை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. ஊருக்கு ஒருவராக எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டது அதனால்தான். தேடாமலேயே தொடர்புடையது கண்ணில் படவேண்டும் என்பதே இம்முயற்சிகள் அனைத்தின் நோக்கமும் ஆகும்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த ஏற்பாடு வியப்பளிக்காது. நம் கிதாபுகளைத் திறந்து பாருங்கள். மூல வாசகமாகிய மத்ன் இருக்கும். அதனை விரித்துரைக்கும் ஷரஹ் அதனுடன் பின்னி வரும். அந்த விரிவுரைக்கும் விளக்கம் சொல்லும் ஹாஷியா, பக்கத்தின் மற்றோர் இடத்தில் நிற்கும். 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியில் வாழ்ந்த ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் எழுதிய ‘ஃபத்ஹுல் முஈன்’ என்னும் ஷாஃபிஈ சட்டநூலுக்கு, 19ஆம் நூற்றாண்டில் மக்காவில் ‘இஆனத்துத் தாலிபீன்’ என்னும் ஹாஷியா எழுதப்பட்டது. பொன்னானியில் எழுதிய ஒரு வரிக்கு மக்காவிலிருந்து ஒரு விளக்கம், அதுவும் அதே பக்கத்தில்! வாசிக்கும் இடத்திலேயே தொடர்புடையதைக் காணும் வசதி நமக்கு முன்பே வாய்த்திருந்தது.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். நாகூர் தர்காவின் மிகவுயர்ந்த மனாராவைத் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டுவித்தார் என்னும் செய்தியை மாணவர்களுக்காக ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833 - 1908) பற்றிய ஒரு பதிவு தோன்றியது. அதனைத் திறந்தபோது, அதே ஊரின் சித்தி ஜுனைதா பேகம் அவர்களைப் பற்றிய இன்னொன்று வந்தது. முஸ்லிம் பெண்மணி ஒருவர் நாவல் எழுதுவதே அரிதாயிருந்த 1938ஆம் ஆண்டில் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டவர் அவர், அந்நூல் உ.வே. சாமிநாதையரின் பாராட்டைப் பெற்றது. எங்கள் மதரஸாவின் பெண்பிள்ளைகளுக்கு, பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் உள்ள ஊரில் இப்படி ஒருவர் வாழ்ந்தார் என்று சொன்னபோது அவர்கள் முகத்தில் தோன்றிய மலர்ச்சிக்கு அந்த நீட்சியும் ஒரு காரணம். அவருடைய பெயரே தெரியாதிருந்த பிள்ளைகள் அவரை எப்படித் தேடியிருக்க முடியும்?

ஆனால் தொடர்பு என்பதை இக்கருவி எவ்வாறு கண்டறிகின்றது? பெரும்பாலும் சொற்களைக் கொண்டுதான். இரு பக்கங்களிலும் ஒரே சொற்கள் மிகுதியாக வந்தால், அதிலும் எங்கும் காணப்படாத அரிய சொற்கள் இரண்டிலும் வந்தால், அவ்விரண்டும் உறவினர் எனக் கணக்கிடுகின்றது. இதனை வாசித்தவர்கள் அடுத்து எதனைத் திறந்தார்கள் என்பதையும் சில கருவிகள் சேர்த்துப் பார்க்கின்றன. எழுதியவர் யார், யாரிடம் ஓதியவர், எந்தச் சூழலுக்கு எழுதினார் என்பவை அந்தக் கணக்கில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

தமிழில் இதற்கு மேலும் ஓர் இடர் உண்டு. ‘பள்ளி’ என்றால் நமக்குத் தொழுமிடம், மற்றவர்க்குப் பாடசாலை. பழைய பள்ளிவாசல்களைப் பற்றி வாசிக்கும்போது பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் ஓரத்தில் வந்து நின்றதைக் கண்டு மாணவர்கள் சிரித்திருக்கின்றனர். ஒரே சொல்லைப் பலவாறு எழுதும் வழக்கமும் நம்மிடம் உள்ளது. ரமலான், ரமழான், ரமளான், ரமதான், ரம்ஜான் என ஒரு மாதத்திற்கே ஐந்து எழுத்துமுறைகள். ஸகாத், ஜகாத், ஜக்காத் என்பதும் அவ்வாறே. இலங்கைச் சகோதரர் ‘ரமழான்’ என்று எழுதிய நல்ல கட்டுரை, ‘ரம்ஜான்’ என்று வாசிப்பவரின் ஓரத்திற்கு வராமலே போகலாம். ஆகவே ஒரு பொருளைப் பற்றி அறிய விரும்புவோர், அச்சொல்லின் எல்லா வடிவங்களையும் தாமே ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

இவையெல்லாம் சிறு இடர்கள். பெரிய இடர் எங்கே வருகின்றது என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதி காவிரியின் கடைமடை. சூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டாலும், வாய்க்கால் நீர் இங்கு வந்து சேர நாளாகும். மூன்று மா நிலத்தில் சம்பா பயிரிடும் சகோதரர் ஒருவர், தை அறுவடைக்குப் பின் என்னிடம் வந்தார். கதிர் முற்றும் வேளையில் பெய்த மழையில் பயிர் சாய்ந்து, கண்டது பதின்மூன்று மூட்டை நெல். மூட்டைக்கு அறுபது கிலோ என்றால் 780 கிலோ. விதைக்கும் உரத்திற்கும் வாங்கிய கடன் நின்றுகொண்டிருந்தது. ஆயினும் அவருடைய கவலை வேறு. “ஹஜ்ரத், இதுக்கு ஸகாத் உண்டா? மகன் கணினியில ஒரு கட்டுரையைப் படிச்சான். பக்கத்துலேயே இன்னும் ரெண்டு வந்துச்சு. மூணும் மூணு விதமாச் சொல்லுது. அல்லாஹ்வோட ஹக்கை நான் வச்சுக்கிட்டு இருக்கக் கூடாதில்லையா?” என்றார்.

அவர் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்த மூன்றையும் வாசித்தேன். முதலாவது, விளைச்சல் ஐந்து வஸக், அதாவது ஏறத்தாழ 650 கிலோ இருந்தால் ஸகாத் கடமை என்றது. அது கோதுமையையும் பேரீத்தம்பழத்தையும் முன்வைத்து எழுதப்பட்டது. இரண்டாவது, குறைந்த அளவு என்று ஒன்றுமில்லை, விளைந்தது எவ்வளவாயினும் கொடுக்கவேண்டும் என்றது. அது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவருமோ ஐந்து வஸக் என்னும் வரம்பையே கொண்டனர். ஆனால் அப்பதிவில் ‘ஹனஃபி’ என்ற சொல்கூட இல்லை. மூன்றாவது, பத்தில் ஒன்றா, இருபதில் ஒன்றா என்பதைப் பற்றி மட்டுமே பேசியது. மூன்றும் தம்மளவில் பொய் சொல்லவில்லை. மூன்றிலும் ஸகாத், விளைச்சல், தானியம் என்னும் சொற்கள் நிறைந்திருந்தன. எனவே கருவியின் கணக்கில் மூன்றும் உறவு.

அந்தச் சகோதரரோ, நம் கடற்கரை ஊர்களின் பெரும்பாலோரைப் போல, ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர். அந்த மத்ஹபின் கிதாபுகளில் அவருக்குரிய மஸ்அலா தெளிவாகவே உள்ளது. 1277ஆம் ஆண்டு மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலில், உமியோடு சேமித்து வைக்கப்படும் அரிசி போன்றவற்றுக்கு வரம்பு பத்து வஸக் என்று தனியே எடுத்துக் கூறியுள்ளார்கள். உமி நீங்கிய மணி ஐந்து வஸக் தேறவேண்டும் என்பதே அதன் கருத்து. 780 கிலோ நெல்லைக் குத்தினால் அந்த அளவு அரிசி தேறாது. ஆகவே அவ்வாண்டு அந்த விளைச்சலில் அவர்மீது ஸகாத் கடமையாகவில்லை. திமிஷ்கில் வாழ்ந்த ஓர் இமாம் நெல்லை நினைவில் வைத்து எழுதிய அந்த ஒரு வரி, மூன்று பதிவுகளிலும் இல்லை.

நல்ல விளைச்சல் கண்ட வேறோர் ஆண்டில் அவர் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதையும் அன்றே விளக்கினேன். மழையாலோ ஆற்று வாய்க்காலாலோ தானே பாய்ந்த நீரில் விளைந்தால் பத்தில் ஒன்று. மோட்டார் வைத்து இறைத்த நீரில் விளைந்தால் இருபதில் ஒன்று. இரண்டும் கலந்தால் அவற்றின் விகிதப்படி. மூத்த ஆலிம் ஒருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுமாறு கூறி அனுப்பினேன். அவரும் அவ்வாறே செய்தார்.

இங்கே பணயமாக இருந்தது வெறும் தகவல் அன்று. கடனில் நிற்கும் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு நெல் ஒருபுறம். இன்னொருபுறம், இதே போன்ற மூன்று பதிவுகளில் தமக்கு இசைவான ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கடமையான ஸகாத்தை வசதியுள்ள ஒருவர் தவிர்த்துவிட்டால், அது ஏழைகளின் பங்கை வைத்துக்கொண்டதாகும். ஹாஷியா எழுதிய பெரியார், இந்த வரிக்கு இந்த விளக்கம் பொருந்தும் என்று தம் பெயரால் பொறுப்பேற்றார். அவரை அவருடைய உஸ்தாதும், உஸ்தாதை அவருக்கு முன்னிருந்தவரும் அறிவார்கள். நீட்சியோ எதற்கும் பொறுப்பேற்பதில்லை. இவ்விரண்டு ஓரங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கு உணர்த்துவது நம் கடமை. ஒரு செய்தி வந்தால் அதனைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் பணிக்கின்றது. தானே வந்து ஓரத்தில் நிற்கும் செய்திக்கும் அது பொருந்தும்.

மற்றோர் அமானிதமும் இதில் உண்டு. நாம் வாசிப்பதோடு தொடர்புடையதைக் காட்டவேண்டுமானால், நாம் எதை வாசிக்கின்றோம் என்பதை அந்த நீட்சி பார்க்கவேண்டும். அதனால்தான் நிறுவும்போது, நாம் செல்லும் எல்லாத் தளங்களின் விவரங்களையும் படிக்க அது அனுமதி கேட்கின்றது. நாம் வாசிக்காமலே ‘சரி’ என்று அழுத்திவிடுகின்றோம். தளங்கள் நம்பத் தக்கவையா எனச் சொல்லிவந்த ‘வெப் ஆஃப் டிரஸ்ட்’ என்னும் நீட்சியின் வழியே, பயனாளர்கள் சென்று வந்த பக்கங்களின் விவரம் பிறர் கைக்குப் போனதை 2016இல் ஜெர்மனியின் என்.டி.ஆர். ஒலிபரப்பு நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. 2018இல் ‘ஸ்டைலிஷ்’ என்னும் நீட்சி இத்தகைய குற்றச்சாட்டின்பேரில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலிருந்தும் நீக்கப்பட்டது. வீட்டில் ஒருவர் நோயைப் பற்றித் தேடுவார். ஒருவர் மண முறிவைப் பற்றி. ஒருவர் கடனைப் பற்றி. பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதை அதே சூராவின் பன்னிரண்டாம் வசனம் தடுக்கின்றது. அவ்வாறிருக்க, நம் வீட்டின் அந்தரங்கத்தைத் துருவ நாமே கதவைத் திறந்துவைக்கலாமா?

ஆகவே எங்கள் மாணவர்களுக்கு மூன்று பழக்கங்களைச் சொல்லி வருகின்றேன். முதலாவது, ஓரத்தில் வந்த பதிவைத் திறந்தவுடன், எழுதியவர் யார், எந்த மத்ஹப், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுதல். இந்நான்கில் ஒன்றும் தெரியாவிட்டால் அதனை மார்க்கச் சட்டத்திற்கு ஆதாரமாகக் கொள்ளாதிருத்தல். இரண்டாவது, வரலாறு, மொழி, பெரியார்களின் வாழ்க்கை ஆகியவற்றில் அதன்பின் தாராளமாகச் செல்லுதல்; ஹலால், ஹராம், ஸகாத், தலாக், வாரிசுரிமை ஆகியவற்றிலோ அங்கேயே நின்று, வாசித்ததை எடுத்துக்கொண்டு ஆலிமிடம் செல்லுதல். மூன்றாவது, நீட்சியை எந்நேரமும் இயங்க விடாமல், பாடத்திற்கு வேண்டும்போது மட்டும் இயக்கி, முடிந்ததும் நிறுத்திவிடுதல். பெற்றோர்களும் தம் வீட்டுக் கணினியில் என்னென்ன நீட்சிகள் உள்ளன என்பதைப் பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறை பார்த்து, பயன்படாதவற்றை நீக்கிவிடுவது நல்லது.

பயன் தராத கல்வியிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். பயன் தரும் கல்வி ஓரத்திலிருந்து வந்தாலும் அதனை இனங்காணும் தெளிவையும், அறிந்தவரிடம் கேட்டுத் தெளியும் பணிவையும், உரியவர்க்கு உரிய ஹக்கைக் கொடுத்துவிடும் மனத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் சந்ததிகளுக்கும் வழங்குவானாக! ஆமீன்.