பிள்ளைக்குக் கொடுக்கும் வாக்கு

மக்தபில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெரியவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: “எல்லாம் அவன் வாப்பாவின் ரத்தம், ஹஜ்ரத்.” பிள்ளை அவசரக்காரன், கையில் கிடைத்ததை உடனே தீர்த்துவிடுபவன், எதையும் யோசிக்காமல் செய்பவன் என்றெல்லாம் முறையிட்ட பின், காரணமாக இந்த ஒரு சொல்லை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சொல்பவர் பெரும்பாலும் உம்மம்மாவாக இருப்பார். வாப்பும்மா வந்தால் அதே ரத்தம் மறுபக்கத்திலிருந்து வந்ததாகிவிடும்!

அந்தச் சொல்லை முழுவதும் தவறென்று தள்ளிவிட முடியாது. அப்துல் கைஸ் குலத்தின் தூதுக்குழு மதீனா வந்த நிகழ்ச்சியை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். மற்றவர்கள் வாகனங்களை விட்டு இறங்கியதும் நபி (ஸல்) அவர்களை நோக்கி விரைந்தார்கள். அஷஜ் என்ற அவர்களின் தலைவர் மட்டும் தம் பையைத் திறந்து, நல்லாடை அணிந்து, நிதானமாக வந்து சேர்ந்தார். அல்லாஹ் விரும்பும் இரு பண்புகள் அவரிடம் இருப்பதாக நபியவர்கள் கூறினார்கள்: சகிப்புத்தன்மை, நிதானம். அவை தாமாகப் பழகிக்கொண்டவையா, இயல்பிலேயே படைக்கப்பட்டவையா என்று அஷஜ் கேட்டார். அல்லாஹ்வே அவ்வாறு படைத்தான் என்பது பதிலாக வந்தது. நிதானம் சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறது என்பதற்கு அபூதாவூதில் உள்ள இந்த அறிவிப்பு போதுமான சான்று.

இரட்டையரை வைத்து ஆராய்ந்தவர்களும் ஏறத்தாழ இதையே சொல்கிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. தனித்தனிக் கருவாக உருவான இரட்டையர், மற்ற உடன்பிறந்தோரைப் போலச் சராசரியாகப் பாதியையே பகிர்கின்றனர். தன்னை அடக்கிக்கொள்ளும் இயல்பில் முதல் வகையினர் ஒருவரையொருவர் அதிகம் ஒத்திருக்கிறார்கள். ஆகவே பரம்பரைக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் ‘பொறுமைக்கான மரபணு’ என்று தனியே ஒன்று இல்லை. சிறுசிறு விளைவுடைய பல மரபணுக்கள் சேர்ந்தே ஒரு சாய்வைத் தருகின்றன. மேலும், ஒரே மரபணுக்களோடு பிறந்த இருவரும்கூட எல்லா முடிவுகளையும் ஒன்றுபோல எடுப்பதில்லை. எஞ்சிய பங்கு எங்கிருந்து வருகிறது என்பதே பெற்றோராகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு ஒரு மிட்டாயைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மார்ஷ்மல்லோ என்பது பஞ்சு போன்ற ஓர் இனிப்பு. ஜெலட்டின் சேர்வதால் நம் வீடுகளுக்குள் அது அதிகம் வருவதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1960களின் பிற்பகுதியில் மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனையைத் தொடங்கினார். இனிப்பை எதிரில் வைத்துவிட்டு, நான் திரும்பி வரும்வரை தின்னாமலிருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வெளியே போவார்கள். அதிக நேரம் காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பில் முன்னின்றார்கள் என்று அவரது குழு எழுதியது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. காத்திருக்கத் தெரிந்தவன் வெல்வான், தெரியாதவன் தோற்பான் என்ற அளவில் மேடைகளில் அது முழங்கியது. 2018இல் ஏறத்தாழ 900 பிள்ளைகளின் விவரங்களை வைத்து வேறு ஆய்வாளர்கள் மீண்டும் பார்த்தபோது, குடும்பத்தின் வருமானத்தையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்தவுடன் அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது.

என்னைச் சிந்திக்க வைத்தது 2013இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சிறிய ஆய்வு. அதில் மொத்தம் 28 பிள்ளைகள்தான். மிட்டாயைக் காட்டுவதற்கு முன் அவர்களுக்குப் படம் வரையப் பழைய வண்ணக் கட்டிகளைக் கொடுத்து, சற்றுப் பொறுத்தால் இதைவிட நல்லவற்றைக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொல்லிச் செல்வார். பாதிப் பேரிடம் சொன்னபடியே கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லையென்று மன்னிப்புக் கேட்டார். இன்னொரு முறையும் அவ்வாறே நடந்தது. அதன்பின் மிட்டாய் வைக்கப்பட்டது. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் சுமார் 3 நிமிடம். முழுதாக 15 நிமிடமும் பொறுத்தவர்கள் முதல் குழுவின் 14 பேரில் 9 பேர். இரண்டாம் குழுவில் ஒரே ஒருவர்.

இரண்டு சிறிய ஏமாற்றங்கள் இவ்வளவு செய்யுமா என்று வியக்கலாம். ஆனால் அந்த இரண்டாம் குழுவைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சொன்னதைச் செய்யாதவரின் மூன்றாவது வாக்கை நம்பாமல், கையிலிருப்பதைத் தின்றுவிடுவது அறிவான முடிவுதானே! நாம் பொறுமையின்மை என்று பெயரிடுவதில் ஒரு பகுதி, பெரியவர்களின் சொல்லைப் பற்றிப் பிள்ளை சேர்த்துவைத்த அனுபவ அறிவாக இருக்கக்கூடும்.

இதைப் படித்த நாளில் அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு நினைவுக்கு வந்தது. அவர்கள் சிறுவராக இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்தார்கள். ஏதோ தருவதாகச் சொல்லித் தாயார் மகனைத் தம்மிடம் அழைத்தார். என்ன கொடுக்க எண்ணினீர் என்று நபியவர்கள் கேட்க, பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். இந்த ஹதீஸை நாவடக்கம், பொய்யின் தீமை என்ற தலைப்புகளில்தான் நாம் பாடம் நடத்துகிறோம். பிள்ளை வளர்ப்பின் முதல் பாடமாகவும் அதை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. பருவமடையும் வரை பிள்ளைமீது பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டுகளில் அவனிடம் சொல்லப்படும் சொற்களோ சொன்னவரின் ஏட்டில் எழுதப்படுகின்றன.

என்னிடம் ஓதும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். வியாழக்கிழமை பாடம் முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழமோ மிட்டாயோ கொடுப்பது வழக்கம். தனக்குரியதை வாயில் போட்டுக்கொண்டே அடுத்தவனுடையதற்குக் கை நீட்டுவான். ரத்தம் என்ற விளக்கம் இவனைப் பற்றியும் வந்தது. இவன் வாப்பாவும் ஒரு வேலையில் நிலைக்காதவராம். அந்த வாப்பா வளைகுடாவில் இருக்கிறார். எப்போது வருகிறார் என்று ஒருநாள் கேட்டேன். “எப்பவும் அடுத்த பெருநாளைக்குத்தான், ஹஜ்ரத்” என்றான். அதில் வருத்தமும் இல்லை, கேலியும் இல்லை. மனப்பாடம் ஒப்பிப்பது போல இருந்தது.

அவருடன் தொலைபேசியில் பேசினேன். விடுப்பு முதலாளியின் கையில் இருக்கிறது, அழுகிற பிள்ளையிடம் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை என்றார். வெளிநாட்டில் உழைக்கும் நம் சகோதரர்கள் பலரின் நிலை இதுதான். அன்பில்லாமல் சொல்லப்படும் வாக்கல்ல அது. இருந்தாலும், டிக்கெட் கையில் வரும்வரை தேதி சொல்ல வேண்டாம், நிச்சயமாகச் செய்ய முடிந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அழைக்கிறேன், அது முடியும் என்றார்.

ஐந்து மாதங்களாக அழைக்கிறார். இரண்டு வாரம் மட்டும் தவறியதாம், அதையும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். பையன் மிட்டாய் விஷயத்தில் இன்னும் பழையபடியேதான் இருக்கிறான். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலில் அஸர் ஜமாஅத் முடிந்ததும், விளையாடக் கூப்பிடும் பிள்ளைகளிடம் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே வீட்டுக்குப் போய், உம்மாவின் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.