குளிர்பெட்டியில் ஒரு புட்டி

2021 மே மாதத்தின் கடைசி வாரம். புனேயில், பாதி காலியாகிவிட்ட ஆய்வாளர் விடுதியில் என் அறைத்தோழன் நள்ளிரவில் என்னை எழுப்பிக் கேட்டான்: "உங்கள் ஆய்வகத்தில் ஆம்போடெரிசின் இருக்கிறதல்லவா?"

இருந்தது. செல் வளர்ப்புத் தட்டுகளில் பூஞ்சை படராதிருக்க அதில் சில துளிகள் சேர்ப்போம்.

நாக்பூரில் அவன் தந்தைக்குக் கொரோனாவைத் தொடர்ந்து மியூகார் தொற்று. நெடுநாள் சர்க்கரை நோய், மேலே ஸ்டீராய்டு. கறுப்புப் பூஞ்சை என்று செய்திகள் அழைத்தன. உண்மையில் கறுப்பது பூஞ்சையன்று. அது இரத்தக் குழாய்களை அடைத்துவிட, செத்துப்போகும் நம் திசுதான். நாளொன்றுக்கு உடலெடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் லிப்போசோம் மருந்து என்றால், அறுபது கிலோ மனிதருக்கு 50 மில்லிகிராம் குப்பிகள் ஆறு, அதுவும் வாரக்கணக்கில். மூன்று நாள் தொலைபேசியில் அலைந்தும் அவனுக்கு ஒரு குப்பி கிடைக்கவில்லை.

எங்கள் புட்டி மனித உடலில் செலுத்தத் தயாரிக்கப்பட்டதன்று என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். 100 மில்லியில் 25 மில்லிகிராம்தான், ஒருநாள் தேவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்கும் சொன்னேன். அந்தக் கணக்கைச் சொன்னதற்காக இன்றும் கூசுகிறேன்.

மருத்துவமனையில் பழைய டிஆக்சிகோலேட் வடிவத்தையே ஏற்றினர். இம்மருந்து பூஞ்சைச் சவ்வின் எர்கோஸ்டெராலைப் பற்றிச் சவ்வைக் குலைக்கிறது. நம் சவ்வின் கொலஸ்டெராலோ அதற்கு நெருங்கிய உறவு. 'தெரிவுத்திறன் முழுமையானதன்று' என்று என் ஆய்வேட்டின் முதல் இயலில் ஒரு வரி உண்டு. அதை எழுதியபோது எனக்கு உறுத்தவேயில்லை. அந்த வரி நாக்பூரிலிருந்து அன்றாடம் தொலைபேசியில் வந்தது: மருந்து ஏறத் தொடங்கியதும் உடல் உதறும் குளிர், பிறகு காய்ச்சல், சரியும் பொட்டாசியம், 1.0-இலிருந்து 2.8-க்கு ஏறிய கிரியாட்டினின். சிறுநீரகத்தைக் காக்க முன்னதாக உப்புநீர் ஏற்றுவார்கள். மருந்தை மட்டும் உப்புநீரில் கலக்கலாகாது, திரிந்து படிந்துவிடும். குளுக்கோஸ் நீரில்தான் கலக்க வேண்டும். இதையெல்லாம் தோழன்தான் எனக்குக் கற்பித்தான்.

மருந்து மட்டும் போதவில்லை. இடக்கண்ணையும் மேல்தாடையில் ஒரு பகுதியையும் அகற்றினார்கள். லிப்போசோம் குப்பிகள் ஜூனில் வந்தன. சிறுநீரகங்கள் பெருமளவு மீண்டன, அவர் இருக்கிறார்.

தோழன் அந்தப் புட்டியைப் பற்றிப் பின்னர் பேசியதேயில்லை. காலாவதியான பிறகும் அது ஓராண்டு அதே தட்டில் இருந்தது. இளைய மாணவி ஒருத்திதான் எடுத்து அப்புறப்படுத்தினாள்.