வால் கோணிய விமானம்

14 ஜூன், சனி

பந்திங் பக்கம் திடலில், பறக்கவிடக் கொண்டுபோன கண்ணாடியிழை மாதிரி விமானத்தை இறக்கியபோதுதான் பார்த்தேன். காலையில் காரில் ஏற்றியது. வழியில் ஒரு விசேஷ வீட்டில் தலைகாட்டிவிட்டுப் போகலாம் என்று நிறுத்தியதில், கார் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டது. பின் கண்ணாடியோரம் கிடந்த விமானத்தின் உடலில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. வால் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அக்கா மகன் தொட்டுப் பார்த்துவிட்டு, “மாமா, உடைஞ்சிருச்சா?” என்று மட்டும் கேட்டான். இறக்கையைப் பூட்டாமலேயே திரும்பினோம்.

சுபாங் விமான நிலையம் பக்கத்தில் இருக்க, எங்கள் கம்போங் மேடானில் இதைப் பறக்கவிட இடமில்லை. அதனால்தான் அவ்வளவு தூரம் கொண்டு போனது.

15 ஜூன், ஞாயிறு

உடையவில்லை, வளையத்தான் செய்திருக்கிறது. மூக்கிலிருந்து வால்வரை ஐம்பது காசால் தட்டிக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் ‘டக் டக்’ என்றுதான் கேட்டது. உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் அந்த இடத்தில் சத்தம் அமுங்கிவிடும்; பட்டறையில் கார் பம்பர் வேலையில் காது பழகிய சத்தம் அது.

முன்பாதியின் நடுக்கோட்டைப் பின்னுக்கு நீட்டி நூல் கட்டினேன். வால் நுனி 9 மில்லிமீட்டர் விலகல். இறக்கைக்குப் பின்னால், 62 மில்லிமீட்டர் வட்டமாக இருக்க வேண்டிய இடம் அகலம் 66, உயரம் 58 என்று சப்பையாகிவிட்டது. இப்படியே பறந்தால் விமானம் ஓயாமல் ஒரு பக்கமாகத் திரும்பும்.

தப்பு என்னுடையது. சாதாரண வெப்பத்தில் இறுகிய எபோக்சி ரெசின் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். மோல்டிலிருந்து எடுத்த பிறகு மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்தியிருந்தால் இன்னும் தாங்கியிருக்கும். அதை விட்டேன். அதோடு, அக்கா மகன் கேட்டான் என்று கருநீலம் பூசினேன். 1957 நவம்பரில் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் மாணவர்களின் பீனிக்ஸ் பறந்தது. கண்ணாடியிழையால் கட்டிய முதல் கிளைடர் அதுதான். அதற்குப் பின் வந்த கண்ணாடியிழை கிளைடர்களைப் பாருங்கள், பெரும்பாலும் வெள்ளைதான். அழகுக்காக அல்ல, வெயிலில் ரெசின் இளகிவிடக் கூடாது என்பதற்காக. இதைப் படித்துத் தெரிந்தும் டப்பாவைத் திறந்தேன் என்பதுதான் மனதை அறுக்கிறது.

17 ஜூன், செவ்வாய்

பட்டறையில் மூத்தவரிடம் காட்டினேன். “மேல ரெண்டு மேட் போட்டு, புட்டி வச்சுத் தேய்ச்சிரு தம்பி, நேரா தெரியும்” என்றார். பம்பருக்கு அது சரி. விமானத்துக்கு ஆகாது. வால்பக்கம் ஒரு கிராம் கூடினால், இந்த உடலின் நீளத்துக்கு, மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டும். வளைவை எடுக்காமல் அடுக்கு போட்டால் வளைவுதான் பலப்படும்.

கண்ணாடியிழையின் அருமையே எடையில்தான் இருக்கிறது. அப்துல் கலாம் ராக்கெட், ஏவுகணை வேலையில் கைப்பழக்கமான கூட்டுப்பொருளை வைத்து, ஹைதராபாத்தில் பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் சுமந்த கால் தாங்கியை 300 கிராமுக்குக் கொண்டுவந்தார். அவர் செய்ததிலேயே எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

19 ஜூன், வியாழன்

சூட்டில் வளைந்ததைச் சூட்டில்தான் நிமிர்த்த வேண்டும். நேரான பலகை ஒன்றில், உடலின் சரியான வடிவத்துக்கு அறுத்த ஐந்து ஒட்டுப்பலகைத் தொட்டில்களை ஆணியடித்தேன். சப்பையான இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு பாதி வளையம். கடைசித் தொட்டிலை மட்டும் 3 மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளி வைத்தேன். கட்டை அவிழ்த்ததும் கொஞ்சம் பின்வாங்கும்.

எதிர்வீட்டு மலாய்ப் பையன் வந்து, கேட்காமலேயே மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அவனும் அக்கா மகனும் ஒரே பள்ளி. வெளியூரில் கம்போங் மேடான் என்று சொன்னால், இன்றும் 2001 மார்ச் இனக்கலவரத்தைத்தான் கேட்கிறார்கள். ஆறு உயிர் போன அந்த நாட்களை நானும் மறக்கவில்லை. ஆனால் இந்த ஊரைப் பற்றிக் கேட்பவர்கள், இந்த வராந்தாவில் நாலு கை சேர்ந்து ஒரு வாலை நேராகப் பிடித்திருந்ததையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முடி உலர்த்தும் கருவியை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரத்தில் விரலுக்கு அந்த இளக்கம் தெரிந்தது. ஆறிப்போன மெழுகுவர்த்தி கைச்சூட்டில் வளைந்துகொடுப்பதுபோல, எதிர்த்து எதிர்த்து, பிறகு மெதுவாக வந்தது. துணிப்பட்டையால் தொட்டிலோடு கட்டினேன். அப்படியே அலுமினியத் தாள் ஒட்டிய தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, ஒரு ஓரமாகப் பழைய குண்டு பல்பு. வெப்பமானி 60 காட்டுமாறு நான்கு மணி நேரம். பிறகு பல்பை அணைத்துவிட்டு, விடியும்வரை கட்டைத் தொடவில்லை. பாதிச் சூட்டில் அவிழ்த்தால் மறுபடி கோணிவிடும்.

20 ஜூன், வெள்ளி

இறக்கைத் திறப்பு வழியாகக் கை போகாது. சாத்தே குச்சிகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி, நுனியில் சிறு தூரிகை. சப்பையான இடத்தில் ஒரு பால்சா வளையம், வால் நெடுக 49 கிராம் துணியில் மெல்லிய பட்டைகள். இழை 45 டிகிரியில் சாய்ந்து ஓட வேண்டும். நீளவாக்கில் ஓடும் இழை வளைவைத் தாங்கும், முறுக்கைத் தாங்குவது சாய்வாக ஓடும் இழைதான். ஹார்டனரை எடைபோட்டுக் கலந்தேன். கூடுதலாக விட்டால் சீக்கிரம் இறுகும் என்கிற பட்டறைக் கணக்கு எபோக்சிக்குச் செல்லாது, பிசுபிசுவென்று கிடக்கும். இரவு முழுக்க மறுபடி பெட்டிக்குள்.

21 ஜூன், சனி

நூல் கட்டினோம். விலகல் 1 மில்லிமீட்டர். வட்டம் 62க்கு 61. எடை 8 கிராம் கூடியிருக்கிறது, மூக்கில் 24 கிராம் ஈயம். ஏற்றுக்கொள்ளலாம்.

முகமூடி போட்டுக்கொண்டு, ஈர உப்புத்தாளால் கருநீலத்தைத் தேய்த்து எடுக்கிறான் அக்கா மகன். நீலத் தண்ணீர் வராந்தாவில் ஓடுகிறது. நாளை வெள்ளை பூசுகிறோம்.